ஒன்றே முக்கால் மணி நேரம்

காலை பத்து மணிக்கு பம்பாயில் ஏறினேன், பதினொன்றே முக்காலுக்கு ரியாத்தில் இறங்கினேன் என்று குலாம் ரசூல் எழுதியிருந்தான்.

முனீர் அகமது அதைச் சத்தமாகப் படித்தான். அவன் தங்கை ஃபரீதா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதியவன் அவள் கணவன். உறை முனீர் பெயருக்கு வந்திருந்தது. அந்த வீட்டில் கடிதம் ஆண் பெயருக்குத்தான் வரும்.

"அந்த எடத்த இன்னொருக்கா படிண்ணா."

"எந்த எடம்?"

"ஏறுனதும் எறங்குனதும்."

படித்தான்.

"ரெண்டு மணி நேரம்கூட ஆவலியா?" என்றாள் அம்மா ரோஷன் பீ. "சிங்காரப்பேட்டைக்கு எங்கக்கா வூட்டுக்குப் போவணும்னா எனக்கு அரை நாளு. இனிமே எங்கக்காவவிட மருமவன்தான் கிட்டத்துல இருக்காரு."

ஃபரீதா சிரித்தாள். அவன் போன பிறகு அன்றுதான் சிரித்தாள்.

கல்யாணமாகி நான்கு மாதம்தான் சேர்ந்திருந்தார்கள். குலாம் ரசூல் ராயக்கோட்டைக்காரன். தக்காளி லாரி ஓட்டினான். ஒரு நாள் தண்ணீர் லாரி ஓட்ட ரியாத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றான். ஆகஸ்டில் பம்பாய்க்கு ரயில் ஏறினான். ஃபரீதா குருபரப்பள்ளிக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு வருடம் என்று பேச்சு.

கடிதத்தில் வேறு விஷயங்களும் இருந்தன. ஓர் அறையில் எட்டுப் பேர். வெயில் கொல்கிறது. தண்ணீர் லாரியைப் பாலைவனத்தில் முகாம் முகாமாக ஓட்ட வேண்டும். தபால் நிலையம் தூரம். ஊருக்குப் போகிற ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன், பம்பாயில் போட்டுவிடுவார்.

முனீர் உறையைத் திருப்பிப் பார்த்தான். இந்திய ஸ்டாம்ப். பம்பாய் முத்திரை. அப்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கடிதம் இல்லை.

நவம்பரில் ஒரு நாள், கம்பெனி பஸ்ஸுக்காக முனீர் நெடுஞ்சாலை டீக்கடையில் நின்றான். மாரிசாமி லாரியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தான். ராயக்கோட்டைத் தக்காளியை பெங்களூர் கொண்டுபோகிறவன். குலாம் ரசூலும் அவனும் ஒரே முதலாளியிடம் லாரி ஓட்டினார்கள்.

"பாய், உங்க மச்சான் எப்ப வந்தாப்பல?"

"எங்க வந்தான்? ரியாத்துல இருக்கான்."

"நேத்து காலைல கலாசிபாளையம் மார்க்கெட்ல பாத்தனே. கூடை தூக்கிக்கினு போறான். குலாமுன்னு கூப்ட்டன். திரும்பல."

"வேற ஆளா இருக்கும்."

"ஆறு வருசம் கூட வண்டி ஓட்டியிருக்கன். அந்த முதுவு எனக்குத் தெரியாதா?"

"மூஞ்சியப் பாத்தியா?"

"மூஞ்சியப் பாக்கல."

"அப்பறம் என்னா?"

"அப்ப அவன் ரியாத்துல இருக்கட்டும். முதுவு மட்டும் பெங்களூருக்கு வந்திருக்குதுன்னு வெச்சுக்க."

டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். முனீரும் சிரித்தான். பஸ் வந்தது.

பஸ்ஸில் சூளகிரி தாண்டும்வரை அவன் பம்பாய் முத்திரையை நினைத்துக்கொண்டிருந்தான்.

பம்பாய்க் கதைகள் எல்லாருக்கும் தெரியும். ஏஜெண்டு ஏமாற்றிவிடுவான். ஊருக்குத் திரும்ப வெட்கம். பம்பாயிலேயே மூட்டை தூக்கிக்கொண்டு, துபாயில் இருக்கிறேன், குவைத்தில் இருக்கிறேன் என்று எழுதுவார்கள். கிருஷ்ணகிரியில் ஒருவன் ஒன்றரை வருடம் அப்படி எழுதினான்.

முனீருக்கு ஓசூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு வருடம் ஆகிறது. வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. தூசி வராமல் சன்னல்களை அடைத்த நீண்ட அறை. அவன் மேசையில் ஒரு சின்ன இயந்திரம். முடிந்த கடிகாரத்தை அதன் மேல் வைத்தால் அது துடிப்பைக் கேட்கும். நாளுக்கு எவ்வளவு முந்தும், எவ்வளவு பிந்தும் என்று எண்ணாகக் காட்டும். நாளுக்கு அரை நொடிக்கு மேல் தப்பினால் தள்ள வேண்டும். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு கடிகாரம். தள்ளியதில் ஒன்றுகூடத் தவறு என்று திரும்பி வந்ததில்லை.

சுவரில் ஒரு பெரிய கடிகாரம். அறையில் இருந்த எல்லாவற்றுக்கும் அதுதான் மணி.

குலாம் ரசூல் புறப்பட்டபோது முனீர் அவனுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்திருந்தான். தன் கையால் சோதித்தது. மாதத்துக்கு ஐந்து நொடிகூடத் தப்பாது என்று சொல்லிக் கட்டிவிட்டான்.

அன்று கேன்டீன் வரிசையில் அவனுக்கு முன்னால் விற்பனைப் பிரிவு அதிகாரி நின்றார். மாதிரிக் கடிகாரங்களை எடுத்துக்கொண்டு வளைகுடா நாடுகளுக்கு இரண்டு முறை போய் வந்தவர்.

"சார், பம்பாய்ல இருந்து ரியாத்துக்கு ப்ளேன்ல எத்தினி நேரம்?"

"நாலு மணி நேரம். காத்தப் பொறுத்து கால் மணி முன்ன பின்ன."

"ரெண்டு மணிக்குள்ள போவாதா சார்?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "ராக்கெட்லதான் போகணும். ரெண்டாயிரத்து எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் இருக்கும். ஏன், கிளம்பறீங்களா?"

"சும்மா கேட்டன் சார். அப்ப, ரெண்டு மணிக்குள்ள பம்பாய்ல இருந்து எங்க போவலாம்?"

"பெங்களூர். ஒன்றரை, ஒன்னேமுக்கால்ல இறக்கிடுவான். அப்புறம் பெங்களூர்ல இருந்து இந்த ஓசூர் வந்து சேரத்தான் ரெண்டு மணி நேரம்."

அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

முனீர் அங்கேயே நின்றான். பின்னால் நின்றிருந்த முனிலட்சுமி, "சாம்பார் ஊத்தறாங்க, தட்ட நேராப் புடிங்க," என்றாள். அவன் தட்டு சாய்ந்திருந்தது. சாம்பார் கைமேல் வழிந்துகொண்டிருந்தது. சூடு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒன்றே முக்கால்.

பம்பாயிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வரும் ஊர் பெங்களூர்.

மதியம் முழுக்க அவன் கணக்குப் போட்டான். விமானத்தில் ஏறாதவனுக்கு ஒன்றே முக்கால் என்று எழுதத் தோன்றாது. பொய் சொல்கிறவன் அரை நாள் என்று எழுதுவான், ஒரு நாள் என்று எழுதுவான். குலாம் ரசூல் விமானத்தில் ஏறியிருக்கிறான். அது எங்கே போன விமானம் என்பதுதான் கேள்வி. ஏஜெண்டு ஏதோ ஒரு டிக்கெட்டைக் கையில் கொடுத்து ஏற்றிவிட்டிருப்பான். இறங்கிப் பார்த்தால் பெங்களூர். ஓசூரிலிருந்து இருபத்தைந்து மைல். வெளியே சொல்ல முடியுமா?

அன்று மூன்று நல்ல கடிகாரங்களை முனீர் தள்ளிவிட்டான். மேற்பார்வையாளர் எடுத்து வந்து காட்டினார். அவன் மன்னிப்புக் கேட்டான்.

மாலையில் பக்கத்து வீட்டிலிருந்து பள்ளிக்கூட அட்லஸ் வாங்கி வந்தான். பம்பாயில் நூலின் ஒரு முனையை வைத்தான். கடலுக்கு மேலாக நூலை இழுத்து ரியாத்தில் நிறுத்தினான். மேலிருந்து கீழாக அச்சிட்டிருந்த மூன்று கோடுகளை நூல் குறுக்கே தாண்டிப் போனது. அளந்தான். அதிகாரி சொன்ன தூரம் சரியாக இருந்தது. மணிக்கு எழுநூறு கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு எவ்வளவு வரும் என்று அளந்து, நூலில் அந்த இடத்தில் முடிச்சுப் போட்டான். முடிச்சு கடலுக்கு மேல் நின்றது.

"இதப் பாரு," என்றான்.

ஃபரீதா குனிந்து பார்த்தாள்.

"அவன் சொல்ற மணிக்கு எறங்கியிருந்தா இங்கதான் எறங்கியிருக்கணும். நடுக்கடல்ல."

"என்னண்ணா சொல்ற?"

அவன் சொன்னான். மாரிசாமி பார்த்த முதுகைச் சொன்னான். பம்பாய் முத்திரையைச் சொன்னான். அதிகாரி சொன்ன நாலு மணி நேரத்தைச் சொன்னான். நூலைத் திருப்பி பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வைத்துக் காட்டினான்.

அவள் அட்லஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "என்னாடி?" என்றாள். ஃபரீதாவின் விரல் பெங்களூர் மேல் இருந்தது. அந்தப் படத்தில் குருபரப்பள்ளி இல்லை. இருந்திருந்தால் அதே விரலுக்கு அடியில் இருந்திருக்கும்.

"அவரு பொய் சொல்ல மாட்டாருண்ணா."

"கணக்கு சொல்லுதே."

"எறங்குன மணிய மறந்துட்டு எழுதியிருப்பாரு."

"கையில நான் குடுத்த வாட்ச் இருக்குது."



வெள்ளிக்கிழமை முனீர் விடுப்பு எடுத்துக்கொண்டு மாரிசாமியின் லாரியில் பெங்களூர் போனான். விடியற்காலை கலாசிபாளையம். தக்காளிக் கூடைகள், சேறு, கூச்சல். மூன்று மணி நேரம் சுற்றினார்கள். ஒன்பது மணிக்கு மாரிசாமி அவன் கையைப் பிடித்தான்.

"தோ. அதே முதுவு."

கூடை தூக்கிக்கொண்டு ஒருவன் போய்க்கொண்டிருந்தான். அகலமான தோள், இடது பக்கம் சாய்ந்த நடை. முனீருக்கும் அதே முதுகாகத்தான் தெரிந்தது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

கூடை சரிந்தது. தக்காளிகள் சேற்றில் உருண்டன. ஐம்பது வயது ஆள். அம்மைத் தழும்பு முகம்.

"யாரப்பா நீனு? ஏனு பேக்கு?"

நீ யார், என்ன வேண்டும் என்று கேட்டவனிடம் மாரிசாமி கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டான். இருவரும் குனிந்து தக்காளி பொறுக்கினார்கள். அந்த ஆள் அவர்கள் பொறுக்கி முடிக்கும்வரை திட்டிக்கொண்டே நின்றான்.

திரும்பி வரும்போது அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டியதும் மாரிசாமி சொன்னான்:

"நான் பாத்தது இவனத்தான் பாய். தப்பு என்னிது. விட்டுடு."

"உன் கண்ணு தப்பலாம்."

"அதான் சொல்றன். விட்டுடு."

"கணக்கு தப்பாதே."

மாரிசாமி கியரை மாற்றினான். "ஒரு ஆள, கணக்க வெச்சா கண்டுபுடிப்ப?"

முனீர் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அடுத்த வெள்ளி, தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலை ஒட்டிய அறையில் ஜமாஅத் தலைவரான முத்தவல்லி அக்பர் பாஷாவிடம் போனான். நூலையும் அட்லஸையும் எடுத்துப் போயிருந்தான். தங்கையின் நிக்காஹை முறித்துத் தர வேண்டும் என்று கேட்டான். அக்பர் பாஷா மளிகை மொத்த வியாபாரி. முடிச்சை இரண்டு முறை தடவிப் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்குது," என்றார். "ஆனா முனீரு, ஆளு வந்து பதில் சொல்லாம ஒன்னும் பண்ண முடியாது."

"பதில் கேப்பம் பாய். அவன் குடுத்த விலாசத்துக்கே எழுதுவம். அங்க இல்லன்னா கடுதாசி திரும்பி வரும். அதுவே சாட்சி."

"அங்க இருந்தான்னா?"

"இருந்தா நிரூபிக்கட்டும். யாரு வேணாங்கறாங்க?"

கடிதத்தை முனீரே எழுதினான். நீங்கள் ரியாத்தில் இருப்பது உண்மையானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி, அத்தாட்சி வாங்கி மூன்று மாதத்துக்குள் ஜமாஅத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால், நிக்காஹை முறித்துத் தரும்படி உங்கள் மனைவி இதன்மூலம் கொடுக்கும் மனு ஏற்கப்படும். காரணம் எழுதவில்லை. காரணம் அவனுக்கே தெரியும் என்று முனீர் நினைத்தான்.

கீழே ஃபரீதா கையெழுத்துப் போட வேண்டும். தாளை வீட்டுக்குக் கொண்டு வந்தான்.

அவள் படித்தாள். பேனாவை வாங்கிக்கொண்டாள். உடனே போடவில்லை.

"நீ தப்பாக் கணக்குப் போட்டிருந்தா?"

"ஃபரீதா, ஒரு நாளைக்கு அரை நொடி தப்புனா கண்டுபுடிக்கிறவன் நான். இது ரெண்டே கால் மணி நேரம்."

அம்மா சொன்னாள்: "போடறதுன்னா போடு. இல்லன்னா குடுத்துடு. கையில வெச்சிக்கினு நிக்காத."

ஃபரீதா கையெழுத்துப் போட்டாள். மை காய்வதற்குள் முனீர் தாளை எடுத்தான். அவள் பெயரின் கடைசி எழுத்து கொஞ்சம் இழுபட்டது.

பதிவுத் தபாலில் அனுப்பினான். ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கடிதம் திரும்பி வரும் என்று டிசம்பர் முழுக்கக் காத்திருந்தான். தபால்காரர் ராமப்பன் சைக்கிள் மணி கேட்டால் ஃபரீதா உள்ளே போய்விடுவாள். கடிதம் திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. திரும்பி வராததற்கும் முனீர் ஒரு காரணம் கண்டுபிடித்தான். வெளிநாட்டுத் தபால் மெதுவாகத்தான் வரும்.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு. மதியம். முனீர் வீட்டில் இருந்தான். வாசலில் லாரி நின்ற சத்தம் கேட்டது. மாரிசாமியின் குரல்.

"பாய்! இந்த வாட்டி மூஞ்சியப் பாத்துட்டுத்தான் கூப்ட்டன். கலாசிபாளையம் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருந்தாப்பல."

பின்னால் குலாம் ரசூல் வந்தான்.

கறுத்துப் போயிருந்தான். உதடு வெடித்திருந்தது. கையில் ஒரே ஒரு பை. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். சலாம் சொன்னான். அம்மா மட்டும் பதில் சலாம் சொன்னாள்.

முனீர் எழுந்து நின்றான். பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான் என்று நினைத்தான். இன்னும் அப்படித்தான் நினைத்தான்.

குலாம் ரசூல் பாயில் உட்கார்ந்தான். ஃபரீதா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அவன் வாங்கவில்லை. சட்டைக்குள் கைவிட்டு பாஸ்போர்ட்டை எடுத்து, முனீர் முன்னால் வைத்தான்.

"பாத்துக்க மச்சான்."

முனீர் அதைத் திறந்தான். புகைப்படம். பக்கங்கள். அரபு எழுத்தில் விசா ஒரு பக்கம் முழுக்க ஒட்டியிருந்தது. ஒரு முத்திரையில் பம்பாய், ஆகஸ்டு மாதம். அதே தேதியில் அரபு முத்திரை ஒன்று. இன்னொரு அரபு முத்திரை, ஆறு நாள் முன்னால் போட்டது.

அவன் மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். முத்திரைகள் அங்கேயே இருந்தன.

"தூதரகத்துல கையெழுத்து வாங்கச் சொல்லியிருந்தீங்க," என்றான் குலாம் ரசூல். "பாஸ்போர்ட்டு முதலாளிகிட்ட இருக்கும். நம்ம கையில குடுக்க மாட்டாங்க. போய்க் கேட்டன். எதுக்குன்னான். ஊர்ல என் பேரு போயிருச்சு, நான் இங்கதான் இருக்கன்னு காட்டணும்னன். சிரிச்சான். பாஸ்போர்ட்டு வேணும்னா வேலைய உட்டுட்டுப் போ, அப்ப தரன். ஒருக்கா போனா அப்பறம் கூப்ட மாட்டன்னான். சரின்னுட்டன்."

"வேலைய உட்டுட்டியா?" என்றாள் அம்மா.

"உட்டுட்டன் அத்தை."

"ஒரு கடுதாசி போடறதுக்கு என்னாய்யா? அஞ்சு மாசத்துல ஒன்னுதானே வந்துது?"

"மூணு பேருகிட்ட குடுத்து அனுப்பிச்சன். ஒன்னுதான் வந்துதா?"

மாரிசாமி வாசற்படியில் நின்றான். போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஒன்னு மட்டும் சொல்லு மச்சான்," என்றான் குலாம் ரசூல். "வழியெல்லாம் யோசிச்சிக்கினு வந்தன். நான் அங்க இல்லன்னு உனக்கு யாரு சொன்னா?"

முனீர் பாஸ்போர்ட்டை மூடினான்.

"நீதான் எழுதியிருந்த. பத்து மணிக்கு ஏறி, பதினொன்னே முக்காலுக்கு எறங்குனன்னு."

"ஆமா."

"ஒன்னே முக்கால் மணி நேரத்துல ப்ளேன் ரியாத்துக்குப் போவாது. நாலு மணி நேரம் ஆவும். கேட்டுட்டன்."

குலாம் ரசூல் அவனையே பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை.

"எத்தினி நேரம் ஆச்சுன்னு நான் எண்ணல. பம்பாய்ல ஏறும்போது பத்து. அங்க எறங்குனதும் செவுத்துல பெரிய கடியாரம். பதினொன்னே முக்கால். பாத்தத எழுதுனன்." கொஞ்சம் நிறுத்தினான். "இப்ப வரும்போதும் பத்து மணிக்குத்தான் ஏறுனன். காலைல. பம்பாய்ல வந்து எறங்கும்போது சாயந்தரம் நாலே கால். அங்கயும் செவுத்துலதான் பாத்தன்."

முனீர் தன்னை அறியாமல் கணக்குப் போட்டான். போகும்போது ஒன்றே முக்கால். வரும்போது ஆறே கால். கூட்டினால் எட்டு. பாதி நாலு.

நாலு மணி நேரம். அதிகாரி சொன்னது.

பாஸ்போர்ட் அவன் கையிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"அது எப்படிங்க?" என்றான் மாரிசாமி. "அதே ப்ளேனு, அதே கடலு. போவ சுருக்கு, வர நீளமா?"

"அங்க மணி வேற," என்றான் முனீர்.

"என்னாது?"

"இங்க நமக்கு மதியம் பன்னெண்டரைன்னா அங்க காலைல பத்து. ரெண்டரை மணி பின்னாடி. சூரியன் அங்க அப்பறம்தான் போவும்."

எட்டாம் வகுப்பில் படித்திருந்தான். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தான். நூல் தாண்டிப் போன மூன்று கோடுகள் நினைவுக்கு வந்தன. அவை அதற்குத்தான் போட்டவை. நூலை அவற்றின் குறுக்கே அவன்தான் இழுத்தான். தூரத்தை மட்டும் அளந்தான்.

"அப்ப உன் கணக்கு?" என்றாள் அம்மா.

அவன் பாயில் கிடந்த பாஸ்போர்ட்டையே பார்த்தான்.

"முனீரு, உன்னத்தான் கேக்கறன். அப்ப உன் கணக்கு என்னா ஆச்சு?"

"தப்பும்மா."

ரோஷன் பீ தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

குலாம் ரசூல் இடது கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினான். வியர்வையில் வார் வெளுத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நீ குடுத்தது. ரெண்டரை மணி அதிகமா காட்டுதுன்னு மொத நாளே சொன்னாங்க. திருப்பி வெச்சுக்கன்னாங்க. நான் திருப்பல. ஊரு மணி ஓடட்டும்னு உட்டுட்டன். அவ எப்ப எந்திரிப்பா, எப்ப சாப்டுவான்னு இதப் பாத்துக்குவன். அந்த ஊரு மணிக்கு செவுத்துக் கடியாரம் போதும்."

முனீர் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று இருபது. அலமாரி மேல் அவன் வீட்டுக் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தான். ஒன்று இருபது. நொடி முள்ளும் சேர்ந்தே போனது.

"மச்சான்," என்றான்.

குலாம் ரசூல் அவன் பக்கம் திரும்பவில்லை. பையைத் தன் பக்கம் இழுத்து, உள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். ஜமாஅத் கடிதம். பலர் கை பட்டு மடிப்புகள் கிழிந்திருந்தன. விரித்துப் பாயில் வைத்தான். கீழே இழுபட்ட கையெழுத்து தெரிந்தது.

"எனக்குப் படிக்க நேரமில்ல. ரூமுல ஒருத்தன் சத்தமாப் படிச்சான். எட்டுப் பேரும் கேட்டாங்க. உன் சம்சாரமே கையெழுத்துப் போட்டிருக்குதேடான்னான். அண்ணன் போடச் சொல்லியிருப்பான், அவ போட்டிருப்பான்னு சொன்னன். அவளுக்கு அப்பிடி ஒன்னும் இருக்காதுன்னன். அஞ்சாறு நாளு அதையேதான் சொல்லிக்கினு இருந்தன்."

ஃபரீதா சொம்பைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள். சொம்பிலிருந்து தண்ணீர் அவள் காலடியில் சொட்டியது.

குலாம் ரசூல் தலையை நிமிர்த்தினான். வந்ததிலிருந்து முதன்முறையாக அவளைப் பார்த்தான்.

"ஃபரீதா, நீயும் கணக்குப் போட்டுப் பாத்தியா?"